பாத்ரூம் நாற்றமும் நைனாவின் காய்ச்சலும்

எங்கள் வீட்டு பாத்ரூமில் நாற்றம் அடிக்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வீட்டில் மூக்கு என்று ஒன்றை வைத்து வேலை வாங்கியது நான் மட்டும்தான். அம்மா விடிந்ததிலிருந்து கருவாட்டோடு கிடப்பவள். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா பாதி ஆயுளை ஏரித் தண்ணீரில் கழித்தவர். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் வலை நாறும், படகு நாறும், காயப்போட்ட மீன் நாறும், எங்கள் துணிமணியும் நாறும். இங்கே ஒருவர் நாற்றம் என்று சொன்னால் மற்றவர்கள் அவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். காலையில் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வருவதால் வீட்டுக்குள் நுழையும்போது என் மூக்கு புதிதாக இருக்கும்.

அந்த பாத்ரூம் என் சம்பளத்தில் கட்டியது. அதுவரை நாங்கள் விடியும் முன் எழுந்து கருவேல மரங்களுக்குப் பின்னால் போனவர்கள்தான். எத்தனை நாள் இப்படிச் செருப்பில் முள் குத்திக்கொண்டு போவது என்று ஒரு வீம்பில் வீட்டோடு ஒட்டி, உள்ளேயிருந்தே போகிற மாதிரி, நீல டைல்ஸ் பதித்துக் கட்டினேன். "வூட்டுக்குள்ள கக்கூஸு, இன்னா கூத்துடி இது" என்று அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் மூவரில் அதிக நேரம் உள்ளே இருப்பவள் அவள்தான் என்றாகிவிட்டது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஒருநாள் வேலை விட்டு வந்து முகம் கழுவப் போனவள் கதவைத் திறந்த வேகத்தில் பின்வாங்கினேன். கக்கூஸ் நாற்றம் எனக்குத் தெரியும், மீன் நாற்றம் தெரியும், செத்த எலி நாற்றமும் தெரியும். இது அந்த மூன்றும் இல்லை. அழுகல்தான், ஆனால் அதற்குள் பழம் அளவுக்கு மீறிக் கனிந்துபோன மாதிரி ஒரு தித்திப்பு இருந்தது. அந்தத் தித்திப்புதான் என்னைப் பயமுறுத்தியது. முகம் கழுவாமலே வெளியே வந்துவிட்டேன்.

"அம்மா, பாத்ரூம்ல இன்னா நாத்தம்?"

அம்மா போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணுங்காணோம். உனக்கு வேலைக்குப் போவ ஆரம்பிச்சதிலேர்ந்து மூக்கு பெரிய மூக்காயிடுச்சி."

அதே சமயத்தில்தான் நைனாவுக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. பகலெல்லாம் நன்றாக இருப்பார். ஏரியிலிருந்து வருவார், குளிப்பார், கட்டிலில் படுத்துக் கால்வரை போர்வையை இழுத்துக்கொள்வார். பொழுது சாய்ந்தால் உடம்பு நடுங்கும். சில வருஷமாக அவருக்குச் சுகர் உண்டு. மாத்திரையைப் பாதி நாள் போடுவார், பாதி நாள் தலையணைக்கடியில் வைத்துவிடுவார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிவிட்டேன் என்பார். கூடப் பேசினால் கோபம் வரும். அந்தக் கோபம்தான் எனக்கும் வந்திருக்கிறது, அதனால் எங்கள் பேச்சு எப்போதும் பாதியில் நிற்கும்.

ஒருநாள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது நாற்றமும் காய்ச்சலும் எனக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எங்கள் நிலம் மணல். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் ஊறும். மழையில் நிலத்துத் தண்ணீர் மேலே ஏறியிருக்கிறது. பாத்ரூமின் செப்டிக் டேங்க்கும் அடிபம்பும் ஒரே பக்கம். டேங்க் எங்கோ விரிசல் விட்டிருக்க வேண்டும். உள்ளிருப்பது மணலில் கசிந்து அடிபம்புக்குப் போகிறது. அதனால்தான் நாற்றம், அதனால்தான் காய்ச்சல். அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஆசைப்பட்டுக் கட்டிய பாத்ரூம் நைனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். 

அன்றிலிருந்து அடிபம்புத் தண்ணீரை யாரையும் குடிக்க விடவில்லை. கேன் தண்ணீர் வாங்கிப் போட்டேன். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு பாத்ரூமைத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் கொட்டினேன், பினாயில் ஊற்றினேன், மூலையில் கிடந்த சோப்பு டப்பா, பழைய பக்கெட், நைனா ஏரியில் போட்டு நடக்கும் கேன்வாஸ் ஷூ எல்லாவற்றையும் துடைப்பத்தால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு டைல்ஸ் இடுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. மத்தியானம் வரை பினாயில் வாசனை. அன்று ஏரிக்குப் போகாத நைனா குளித்துவிட்டுப் போன பிறகு மறுபடியும் அதே தித்திப்பு. பினாயிலோடு சேர்ந்து இன்னும் மோசமாக இருந்தது.

அம்மா வேறு பக்கம் போய்விட்டாள். வீட்டுக்குள் அந்த மாதிரி இடம் கட்டினது எதற்கோ பிடிக்கவில்லை, காத்துக் கருப்பு ஏதோ வந்து நிற்கிறது என்று வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், விளக்கு வைத்த பிறகு அந்தக் கதவைத் திறக்க எனக்கும் கை வரவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது, நாளுக்கு நாள் வளர்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது.

பாத்ரூம் கட்டிக்கொடுத்த மேஸ்திரியை வரவழைத்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன்.

"இன்னா மேஸ்திரி, இன்னா கட்டி வச்சிக்கீறீங்க? எங்க நைனா காச்சல்ல சாவுறாரு."

அவர் நேராக உள்ளே போனார். தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைக் கழற்றினார். அதற்குள் கிண்ணம் மாதிரி ஒன்று கவிழ்ந்திருக்கும், சுற்றிலும் தண்ணீர் நின்றால் டேங்க் வாடை மேலே வராது. தண்ணீர் நின்றிருந்தது. கிண்ணமும் சரியாக இருந்தது. குனிந்து முகர்ந்துவிட்டு, "இதுலேர்ந்து வர்லியேம்மா" என்றார். காற்றுக்குழாயைத் தட்டிப் பார்த்தார். குளவி கூடு கட்டி அடைத்திருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்த்தார். நான் விடவில்லை. டேங்க்கைத் திறந்து காட்டுங்கள் என்றேன்.

டேங்க் மூடியை நெம்பும்போது நான் பின்னால் தள்ளிப் போனேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள் அப்படியே உள்ளே விழுந்து போன கதைகளை நியூஸில் பார்த்துப் பார்த்து அந்தச் சிமெண்ட் பலகையைக் கண்டாலே எனக்குப் பயம். மேஸ்திரியும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நைனா மட்டும் கேட்கவில்லை. போர்வையை உதறிவிட்டு வந்து, மேஸ்திரியோடு சேர்ந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். திறந்ததும் நகராமல் அங்கேயே நின்று, இன்னும் இன்னும் முன்னால் சாய்ந்தார்.

"நைனா, தள்ளு! விஷ வாயு கீது, தள்ளுன்னா!" என்று கத்திக்கொண்டே அவர் பனியனைப் பிடித்து இழுத்தேன். பனியன் கிழிந்தது. அவர் உடம்பு அடுப்புப் பக்கத்தில் நின்றவர் மாதிரி சுட்டது.

டேங்க்கில் கோளாறு ஒன்றுமில்லை. பாதிகூட நிரம்பவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே புகவுமில்லை, உள்ளே இருப்பது வெளியே போகவுமில்லை. மேஸ்திரி மூடியை மூடி, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டு, "என் வேலையில கொற இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரை நம்பவில்லை. நம்பினால் அடுத்து என்ன என்று எனக்குத் தெரியவில்லை. டேங்க் என்றால் உடைத்துக் கட்டலாம், இடம் மாற்றலாம். டேங்க் இல்லை என்றால் எதை உடைப்பது?

அந்த வாரம் நைனாவுக்குப் பாடு வந்தது. பாடு என்றால் எங்கள் ஊரில் முறை. ஏரியில் நீரோட்டமும் இறாலும் உள்ள இடங்களை ஊர்க்காரர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று கட்டுப்பாடு உண்டு. தன் முறைக்கு வராதவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்தப் பங்கும் ஆம்பளைக்குத்தான். எனக்கு அண்ணனோ தம்பியோ கிடையாது. நைனா ஏரியில் இறங்கும்வரைதான் எங்கள் வீட்டுக்குப் பாடு.

இந்த முறை விழுந்த இடம் வடக்கே தூரத்தில். போனால் படகிலேயே தங்கிவிட்டுத்தான் திரும்புவார்கள். காய்ச்சலோடு போகாதே என்று அம்மா கெஞ்சினாள். நான் தடுக்கவில்லை. இந்த வீட்டுத் தண்ணீரையும் நாற்றத்தையும் விட்டுக் கொஞ்ச நாள் விலகி இருந்தால் தேறிவிடுவார் என்று நினைத்தேன். கேன் தண்ணீரை நானே தூக்கிப்போய்ப் படகில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் போனதற்கு மறுநாள் சாயங்காலம் பாத்ரூம் கதவைத் திறந்தேன். நாற்றம் இல்லை. நம்பாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பினாயில் வாசனையும் ஈரச் சுவர் வாசனையும்தான் இருந்தன. அடுத்த நாளும் இல்லை. மேஸ்திரி பூசிய சிமெண்ட் வேலை செய்துவிட்டது என்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு போன் போட்டு, அன்று அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டேன். எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

நைனா திரும்பி வந்தார். இறால் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் படகிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாராம். குளித்தார், கஞ்சியைப் பாதி குடித்தார், போர்வைக்குள் போய்விட்டார். நான் வேலையிலிருந்து வந்து பாத்ரூம் கதவைத் திறந்தேன். முன்னைவிட அதிகமாக அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன்.

அம்மா இறாலை உரித்துக்கொண்டே, என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று சொன்னாள். "உங்க நைனா போனா அதுவும் போயிடுது. உங்க நைனா வந்தா அதுவும் கூடவே வந்துடுது. ரெண்டும் ஒண்ணா குடித்தனம் பண்ணுது போல."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள் என் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. அம்மாவும் கையிலிருந்த இறாலை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள். 

எழுந்து பாத்ரூமுக்குள் போனேன். அவரோடு உள்ளே வந்தது என்னென்ன என்று தேடினேன். கொடியில் இருந்த ஈரத்துண்டை முகர்ந்தேன். லுங்கியை முகர்ந்தேன். கதவுக்குப் பின்னால் அவருடைய கேன்வாஸ் ஷூ காய்ந்துகொண்டிருந்தது. ஏரியின் அடியில் கிடக்கும் சிப்பி பாதத்தைக் கிழிக்கும் என்பதால் இறங்கி நடப்பவர்கள் பழைய ஷூவைப் போட்டுக்கொள்வார்கள். அதை நான் எத்தனையோ முறை துடைப்பத்தால் தள்ளியிருக்கிறேன். ஏரிக்குப் போய் வந்த பொருள், நாறத்தானே செய்யும்? எங்கள் குப்பத்தில் அதை எடுத்து யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். இடதுகால் ஷூவை எடுத்தேன். சேறு நாற்றம். வலதுகால் ஷூவை மூக்குப் பக்கம் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு துணிச்சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது மஞ்சளும் கறுப்புமாக நனைந்து கிடந்தது.

கட்டிலுக்குப் போனேன். "நைனா, காலக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டுன்னா காட்டு."

"சிப்பி கிழிச்சிதும்மே. மஞ்ச வச்சிக்கீறேன். ஆறிடும், போ."

போர்வையை உருவினேன். அவர் காலை மடக்கப் பார்த்தார், அதற்குள் பிடித்துக்கொண்டேன். சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தன. பாதத்துக்கு அடியில் ஒரு பள்ளம். அதற்குள் மஞ்சளும் காபித்தூளும் அடைத்து வைத்திருந்தார். கணுக்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. பள்ளத்தின் ஓரத்தை என் விரலால் தொட்டேன். அலறுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தொட்டதே தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அலறியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

நாற்றத்தால் காய்ச்சல் என்று நான் அத்தனை நாள் நினைத்திருந்தேன். நாற்றமும் காய்ச்சலும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன. அம்மா பின்னால் வந்து நின்றவள், "அய்யோ, இதப் போயி கேலி பண்ணனே" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்றேன்.

"அடுத்த பாடு வருது. அது முடிஞ்சதும் வரேன்."

"காலு அழுவிப் போயிக்கீது, உனக்குப் பாடு கேக்குதா?"

"பாடு போச்சின்னா உனக்கு இன்னாம்மே கீது?"

"எனக்குக் கம்பெனி கீது, கைகாலு கீது! உனக்குத்தான் எதுவும் இல்லாமப் போவப்போவுது!" என்று கத்தினேன்.  கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. நைனா என்னையே பார்த்தார். நான் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன். சட்டையை எடு என்றார்.

சென்னை வரைக்கும் ஆட்டோவில் போனோம். மழை உள்ளே அடித்தது. அவர் காலை என் மடியில் வைத்து என் துப்பட்டாவால் சுற்றியிருந்தேன். அந்த வண்டிக்குள் அந்த நாற்றத்தோடு போன நேரத்தில் எனக்கு அருவருப்பு துளியும் இல்லை. உடம்பில் சூடு இருக்கிறது, மூச்சு நின்றுவிடக் கூடாது என்று அவர் வயிற்றின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு நாளு என்றார் நைனா. டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "ஆவணிலேர்ந்து" என்றார். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆவணியிலிருந்து அவர் எங்களோடுதான் சாப்பிட்டார், எங்களோடுதான் தூங்கினார்.

விஷம் மேலே ஏறுகிறது, காலை எடுத்தால் உயிரைக் காப்பாற்றப் பார்க்கலாம், தாமதித்தால் சொல்ல முடியாது என்றார்கள். வராண்டாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.  வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நைனா பிழைத்தார்.

வார்டில் ஒரு மத்தியானம், அம்மா டீ வாங்கப் போயிருந்தபோது, நைனா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு நாத்தம் தெரியும்மே. உனக்கு முன்னாடியே தெரியும்."

நான் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீ டேங்குன்னு சொன்ன பாரு, எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்திச்சி. டேங்காவே இருக்கட்டும்னு வேண்டிக்கினேன். மூடியத் தொறந்தப்ப அந்த நாத்தம் அதுலேர்ந்து வருதான்னு எட்டி எட்டிப் பாத்தேன். வர்ல. நீ தள்ளு தள்ளுன்ற, எனக்கு இன்னும் கொஞ்சம் பாத்தா வந்துடும்னு தோணிச்சி. டேங்குதான்னு ஆயிட்டா என் காலுலேர்ந்து இல்லைன்னு ஆயிடுமில்ல?"

எதற்கும் பயப்படாத மனுஷன் என்று குப்பமே சொல்லும் ஆள். காற்று திரும்பியபோது படகைத் தனியாகக் கரை சேர்த்தவர். ஆவணியிலிருந்து அந்த பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கால் கட்டைப் பிரித்து மாற்றும்போது தனியாக எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் பார்த்தால் காலை எடுத்துவிடுவார், கால் போனால் பாடு போய்விடும், பாடு போனால் இந்த இரண்டு பொம்பளைகள் என்ன செய்வார்கள் என்று. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். டீயோடு வந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் அவளும் அழுதாள்.

பாடு போய்விட்டது. நைனா இப்போது மற்றவர்களின் வலையைத் தைத்துக் கொடுக்கிறார். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்திருக்கிறேன், உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறேன். அவர் குளித்துவிட்டு வந்த பிறகு நான் உள்ளே போவேன். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பேன். இதை விட்டுவிடு, பைத்தியம் பிடித்துவிடும் என்று அம்மா சொல்கிறாள். என்னால் விட முடியவில்லை.

நான் வெளியே வரும்போது நைனா கட்டிலில் உட்கார்ந்து இடதுகாலை நீட்டி வைத்திருப்பார். காட்டு என்று நான் கேட்பதே இல்லை. தரையில் உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பேன். உள்ளங்காலை அழுத்தி, தெரியுதா என்பேன். தெரியுது என்பார். அது நிஜமா, எனக்காகச் சொல்வதா என்று எனக்குத் தெரியாது. அதனால் கடைசியில் குனிந்து அந்தப் பாதத்தில் மூக்கை வைத்து முகர்வேன்.

"இன்னாம்மே?" என்பார்.

"சோப்பு வாசன நைனா."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் காலை மடக்குகிறார்.